கூலி வாங்காத ‘கூலி பாரிஸ்டர்’

விழாக் காலம் என்பது திரும்பிப் பார்க்கும் காலம். ஊதியம் எதிர்பாராமல் உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கும் காலம். அதே வேளையில் நம் இல்லங்களில் ஒரு கேள்வியும் எழாமல் இல்லை. படிப்பை முடித்துத் தொழிலில் காலூன்றத் தொடங்கும் நம் பிள்ளைகள், பிறருக்காக உழைப்பதற்கு நேரம் எங்கே என்று கேட்கின்றனர். முதலில் ஒரு நிலைக்கு வரட்டும், அதன்பின் சேவை செய்யலாம் என்று பெற்றோரும் கூறுகின்றனர். அதிலும் அந்தச் சேவை பெரிய மனிதர்களின் பகையைத் தேடித் தரக்கூடியது என்றால், வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்துகின்றனர்.

இக்கேள்விக்கு விடை தேடி நாம் ஒரு வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவரை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. மகாத்மா காந்தி என்ற பெயரைக் கேட்டவுடன் கைத்தடியும் அரை ஆடையும் நம் கண்முன் தோன்றும். அந்தக் கோலத்துக்கு முன்பு, கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, வழக்குகள் கிடைக்காமல் அலைந்த ஓர் இளம் வக்கீல் இருந்தார். அவருடைய கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

வாய் திறக்காத வக்கீல்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்று, 1891 ஜூன் மாதம் 10-ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். தமையனார் கடன்பட்டு அனுப்பிய படிப்பு அது. குடும்பமே அவருடைய வருமானத்தை எதிர்பார்த்திருந்தது.

ஆனால் நடந்தது வேறு. பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்மணியின் வழக்கு அவருக்குக் கிடைத்தது. வழக்கைப் பிடித்துக் கொடுத்த தரகருக்குப் பங்கு தரவேண்டும் என்றனர். அவர் மறுத்துவிட்டார். முப்பது ரூபாய் கட்டணம் பேசிக்கொண்டு நீதிமன்றம் சென்றார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நாக்கு எழவில்லை. அப்படியே அமர்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பின்னர் ஒரு பள்ளியில் 75 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு முயன்றார். பி.ஏ. பட்டம் இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை.

இந்த நாட்களில்தான் அவருடைய முதல் இலவச வழக்குப் பணி நடந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். போர்பந்தரில் நிலத்தைப் பறிகொடுத்த ஓர் ஏழை முகமதியர் அவரை நாடி வந்தார். அவருக்காக மனு எழுதிக் கொடுத்த காந்தி, அச்சுச் செலவு தவிர வேறொன்றும் வாங்கவில்லை. நீதிமன்றத்தில் பேச வராத தமக்கு மனு எழுத நன்றாக வருகிறது என்ற தைரியம் அந்த வேலையில்தான் அவருக்குப் பிறந்தது. கொடுத்தவருக்கும் ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்தது.

பின்னர் ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதி மாதம் ஏறக்குறைய 300 ரூபாய் சம்பாதித்தார். ஆனால் அங்கே தரகு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வழக்குகளை அனுப்பும் வக்கீல்களுக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்று தமையனார் வற்புறுத்தினார். குடும்ப நிலையைக் கருதி அவரும் இணங்கினார். தம்மையே ஏமாற்றிக்கொண்டேன் என்ற உறுத்தல் பின்னாளில் அவருக்கு இருந்தது. தொடக்க காலத்து வக்கீல் ஒருவர் சந்திக்கும் சோதனைகள் அனைத்தையும் அவரும் சந்தித்தார் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஒருமுறை சறுக்கியவர் மறுபடி எழுந்து நிற்கலாம் என்பதும் இதனால் விளங்கும்.

கடல் கடந்த வழக்கு

1893 ஏப்ரலில் அவர் தென்னாப்பிரிக்கா புறப்பட்டார். போர்பந்தரைச் சேர்ந்த தாதா அப்துல்லா கம்பெனியார் தங்கள் வழக்கு ஒன்றில் உதவ அழைத்திருந்தனர். ஓராண்டுக்குச் சம்பளம் 105 பவுன். டர்பன் நகரில் இறங்கிய சில நாட்களிலேயே நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். அவர் எடுக்க மறுத்து வெளியே வந்தார். பின்னர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், இரவுக் குளிரில் இறக்கிவிடப்பட்டார். அந்தக் கதையை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம்.

அங்கே இந்தியர் யாராயினும் வெள்ளையர் கண்ணுக்குக் கூலிகளே. இந்திய வியாபாரி கூலி வியாபாரி. காந்தி கூலி பாரிஸ்டர். இழிவாகச் சூட்டிய அந்தப் பெயரை அவர் எவ்வாறு சுமந்தார் என்பதே நம் வரலாற்றின் மையம்.

பிரிட்டோரியாவில் வழக்கு விவரங்களை ஆழ்ந்து படித்தார். வாதியும் பிரதிவாதியும் உறவினர், ஒரே ஊரார். வழக்கு நீண்டால் இரு வீடும் அழியும் என்று கண்டார். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தாதா அப்துல்லா தரப்பு வென்றது. எதிர்த்தரப்பினர் 37,000 பவுனும் செலவுத் தொகையும் கொடுக்கவேண்டி வந்தது. ஒரே தவணையில் கேட்டால் அவர் திவாலாகிவிடுவார். ஆகவே பல ஆண்டுத் தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரையே வேண்டி இணங்க வைத்தார். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்ற பாடத்தை அங்கே கற்றார். வழக்கு முடிந்தது, ஊர் திரும்பவேண்டியதுதான்.

பிரிவு உபசாரம் பெரும்பணி ஆயிற்று

1894-இல் டர்பனில் அவருக்குப் பிரிவு உபசார விருந்து நடந்தது. அன்று தற்செயலாகச் செய்தித்தாளில் ஒரு மூலையில் கண்ட செய்தி அவரைத் திடுக்கிடச் செய்தது. இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டசபையில் வந்திருந்தது. அதன் பொருளை அவர் எடுத்துச் சொன்னதும், ஒரு மாதம் தங்கி உதவுங்கள் என்று அங்கிருந்த வியாபாரிகள் வேண்டினர். கட்டணம் தருவதாகவும் கூறினர்.

பொதுப்பணிக்குக் கட்டணம் என்ற பேச்சே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். தந்திச் செலவும் அச்சுச் செலவும் மட்டும் மக்கள் ஏற்கட்டும், ஆட்கள் உடன் உழைக்கட்டும் என்றார். அன்றிரவே வேலை தொடங்கியது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பால் என்பவரும், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் சுபான் காட்ஃப்ரே என்பவரும் நேட்டாலில் பிறந்த கிறிஸ்தவ இளைஞர்களைத் திரட்டி அழைத்து வந்தனர் என்பது நாம் மகிழ்வோடு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. இரவு பகல் பாராமல் மனுக்களைப் படியெடுத்தவர்களில் இவர்களும் இருந்தனர். இங்கிலாந்தில் குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்த ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பிய மனுவில் இரண்டு வாரங்களில் பத்தாயிரம் பேர் கையொப்பமிட்டனர். அந்த மசோதாவுக்கு இலண்டன் ஒப்புதல் தரவில்லை. ஆயினும் 1896-இல் இனப்பெயர் சொல்லாத வேறொரு சட்டத்தால் நேட்டால் அரசு தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொண்டது.

இரண்டு கணக்குகள்

ஒரு மாதம் போதாது என்பது விரைவில் தெரிந்தது. இங்கேயே தங்கிவிடுங்கள் என்று மக்கள் கெஞ்சினர். பாரிஸ்டருக்கு உரிய கௌரவத்தோடு வீடு நடத்த ஆண்டுக்கு 300 பவுன் வேண்டும். அதைத் தாங்களே வசூலித்துத் தருவதாகச் சொன்னார்கள். எவருக்கும் ஆசை காட்டும் ஏற்பாடு அது. இளம் வக்கீலுக்கு வருமானத்துக்கும் வழியாயிற்று, சேவைக்கும் வழியாயிற்று.

அவர் ஏற்கவில்லை. அதற்கு அவர் கொண்டிருந்த காரணங்களை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பொதுப்பணியில் அவருடைய வேலை மக்களை உழைக்கத் தூண்டுவது. அதற்குச் சட்டப் படிப்பு ஓரளவே தேவை. அதற்குப் போய்ப் பணம் வாங்குவது முறையன்று. மேலும், இயக்கத்துக்கு அடிக்கடி பணம் கேட்கவேண்டி வரும். தம் பிழைப்பும் அதே பணத்தில் நடந்தால் கேட்க வாய் கூசும். அன்றியும், படியளப்பவரிடம் கசப்பான உண்மையைச் சொல்வது கடினம்.

ஆனால் வெறும் வயிற்றோடு தொண்டு செய்வேன் என்றும் அவர் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படியும் வக்கீல் தேவைப்படுகிறது; உங்கள் சொந்த வழக்குகளை எனக்குக் கொடுங்கள்; அதற்குரிய கட்டணத்தைக் கொடுங்கள் என்பதே அவருடைய ஏற்பாடு. ஏறத்தாழ இருபது வியாபாரிகள் ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகக் கொடுத்து அவரைத் தங்கள் வக்கீலாக அமர்த்திக்கொண்டனர். பிரிவு உபசாரமாகத் தர நினைத்திருந்த பணத்தில் தாதா அப்துல்லா அவர் வீட்டுக்கு மேசை நாற்காலிகள் வாங்கித் தந்தார்.

தொழிலுக்கு ஒரு கணக்கு; தொண்டுக்கு ஒரு கணக்கு. ஒன்றின் பணம் மற்றொன்றில் கலக்கவில்லை. அந்த ஆண்டிலேயே தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசிலும் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு எழுதி வைக்கச் செய்தார். கணக்குச் சரியாக இராத பொதுப்பணி தூய்மையாக இராது என்பது அவர் கொள்கை. சங்கங்களும் சபைகளும் நடத்தும் நமக்கு இது புதிய போதனையன்று. ஆயினும் அடிக்கடி நினைவூட்டிக்கொள்ள வேண்டிய ஒன்று.

வக்கீல் சங்கத்தின் எதிர்ப்பு

பகை வராமல் போகவில்லை. நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு கேட்டபோது, நேட்டால் வக்கீல் சங்கம் எதிர்த்து நின்றது. இலண்டன் சான்றிதழின் மூலப்பிரதி மனுவோடு இணைக்கப்படவில்லை என்று முதலில் ஒரு குறை கூறினர். உண்மையான காரணம் வேறு. விதிகளை வகுத்தபோது நிறமுள்ள ஒருவர் விண்ணப்பிப்பார் என்று எவரும் கருதவில்லை. ஒருவரை விட்டால் நாளை பலர் வந்து வெள்ளையரை விஞ்சிவிடுவார்கள் என்பதே அந்த அச்சம். நீதிபதிகள் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, 1894 செப்டம்பர் 3-ஆம் நாள் அவரைப் பதிவு செய்தனர்.

பதவிப் பிரமாணம் முடிந்ததும் தலைமை நீதிபதி, நீதிமன்ற வழக்கப்படி தலைப்பாகையை எடுக்கவேண்டும் என்றார். முந்திய ஆண்டு மறுத்து வெளியேறிய அதே காந்தி, இம்முறை எடுத்துவிட்டார். நண்பர்களுக்கு வருத்தம். ஆனால் அவர் தம் ஆற்றலைப் பெரிய போராட்டங்களுக்குச் சேர்த்து வைக்கவேண்டும் என்று எண்ணினார். எதற்கு விட்டுக்கொடுப்பது, எதற்கு விட்டுக்கொடுக்கலாகாது என்று பகுத்தறிவதும் பொதுப்பணி செய்பவருக்குத் தேவையான விவேகமே. தம் மானத்தைப் பற்றியதில் அவர் விட்டுக்கொடுத்தார். பிறர் மானத்தைப் பற்றியதில் எப்படி நடந்தார் என்பதை அடுத்துக் காண்போம்.

கண்ணீரோடு வந்த பாலசுந்தரம்

பதிவு பெற்று மூன்று நான்கு மாதங்களே ஆகியிருந்தன. கந்தல் ஆடையுடன் ஒரு தமிழர் அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் இரத்தம். உடல் நடுங்க அழுதுகொண்டிருந்தார். தலைத்துண்டைக் கையில் பிடித்திருந்தார். அவர் பெயர் பாலசுந்தரம். டர்பனில் பேர்பெற்ற ஒரு வெள்ளையரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். எஜமான் கோபத்தில் தன்னை மறந்து அடித்துவிட்டார். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த தமிழர் ஒருவர் வந்தவரின் பேச்சை வக்கீலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

இங்கே சற்று நின்று, இந்தக் கூலிகள் யார் என்று பார்ப்போம். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் அது டர்பன் சேர்ந்தது. அதன்பின் மேலும் பல கப்பல்கள் சென்றன. வறுமையும் பஞ்சமும் நம் மாவட்டங்களிலிருந்து மக்களை அங்கே தள்ளின. அவர்களில் இந்துக்களும் இருந்தனர், கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் எஜமான் சிவில் வழக்குத்தான் போடலாம். ஒப்பந்தக் கூலி விட்டாலோ, அது கிரிமினல் குற்றம், சிறை. இது ஏறக்குறைய அடிமைத்தனமே என்று காந்தி கருதியதில் வியப்பில்லை.

அவர் உடனே பாலசுந்தரத்தை ஒரு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று பெற்றார். அங்கிருந்து நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தார். படித்துப் பார்த்த மாஜிஸ்திரேட் சினமுற்று எஜமானுக்குச் சம்மன் அனுப்பினார்.

எஜமானைத் தண்டிக்கவேண்டும் என்பது காந்தியின் நோக்கமன்று. பாலசுந்தரம் அந்த வீட்டிலிருந்து விடுபடவேண்டும்; அவ்வளவே. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி எஜமானை அவரே நேரில் சென்று கேட்டார். அவரும் இசைந்தார். கூலிகளுக்குப் பாதுகாவலர் என்று அரசு நியமித்திருந்த அதிகாரியிடம் சென்றார். புதிய எஜமான் கிடைத்தால் சரி என்றார் அவர். ஒப்பந்தக் கூலியை இந்தியர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வெள்ளையர் ஒருவரைத் தேடவேண்டும். காந்திக்கு அறிமுகமான வெள்ளையர் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் மனமிரங்கி ஏற்றுக்கொண்டார். மாஜிஸ்திரேட் பழைய எஜமானைக் குற்றவாளி என்று தீர்த்து, ஒப்பந்தம் மாற்றப்படுவதையும் பதிவு செய்தார்.

தலைத்துண்டின் கதையைச் சொல்லாமல் விடலாகாது. வெள்ளையரைக் காணச் செல்லும் கூலி தலைத்துணியை எடுத்துவிடவேண்டும் என்பது அங்கே நடைமுறை. இரு கைகூப்பிக் கும்பிட்டாலும் போதாது. அந்தப் பழக்கத்தால் காந்தியின் முன்னும் பாலசுந்தரம் துண்டைக் கையில் பிடித்து நின்றார். அதைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. நீதிமன்றத்தில் தம் தலைப்பாகையை எடுத்தவர், ஏழைத் தமிழரின் தலையில் துண்டு ஏறவேண்டும் என்றார். பிறரைத் தாழ்த்தித் தம்மை உயர்த்திக்கொள்ள மனிதருக்கு எப்படி மனம் வருகிறதோ என்ற வியப்பு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. அதுவரை காங்கிரசில் இருந்தவர்கள் வியாபாரிகளும் படித்தவர்களுமே. மாதச் சந்தா ஐந்து ஷில்லிங். கூலி மக்களால் அதைக் கொடுக்க முடியாது. பொதுப்பணி என்று பெயர் இருந்தாலும், மிகவும் ஏழையானவர் அதற்கு வெளியே நின்றார். பாலசுந்தரம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. தங்களுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி தோட்டந்தோறும் பரவியது. காந்தி கூலிகளைத் தேடிப் போகவில்லை. ஒரு கூலியே காந்தியைத் தேடி வந்து வழிகாட்டினார் எனலாம்.

மௌனத் துறவிகளின் மடத்தில்

1895-இல் காந்தி, பைன்டவுன் அருகே மரியன்ஹில் என்னும் இடத்திலுள்ள டிராப்பிஸ்ட் மடத்தைக் காணச் சென்றார். 1882-இல் மடாதிபதி பிரான்ஸ் ப்பானர் நிறுவிய நம் கத்தோலிக்கத் துறவிகளின் இல்லம் அது. துறவிகள் மௌன விரதம் காத்தனர், புலால் உண்ணவில்லை, தச்சு, தோல் பதனிடுதல், காலணி செய்தல், அச்சு வேலை என்று கைத்தொழில்களில் தாங்களும் உழைத்து, ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கும் கற்பித்தனர். நகரத்தில் எங்கும் கண்ட நிறவேற்றுமை அந்த மதிலுக்குள் இல்லை என்பது அவரை மிகவும் கவர்ந்தது. இலண்டனிலிருந்து வெளிவந்த ‘வெஜிடேரியன்’ இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பின்னாளில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கத் தொடங்கியபோது, அந்தத் தொழிலைக் கற்றுவர அவருடைய நண்பர் காலன்பாக் சென்றது இந்த மடத்துக்கே. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன் அல்லன் என்பதை அந்தத் துறவிகள் பேசாமலே அவருக்கு உணர்த்தினர்.

மூன்று பவுன் வரி

அதே 1895-இல் நேட்டால் அரசு புதிய சட்டம் ஒன்று செய்தது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்கும் கூலி, ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும். முதலில் 25 பவுன் என்றே திட்டமிட்டிருந்தனர். மனைவிக்கும், பதினாறு வயது கடந்த மகனுக்கும், பதின்மூன்று வயது கடந்த மகளுக்கும் தனித்தனியே வரி. நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் ஆகும். குடும்பத்தலைவனின் சம்பாத்தியமோ மாதம் பதினான்கு ஷில்லிங்குக்கு மேல் இல்லை. ஆண்டு முழுவதற்கும் ஒன்பது பவுன்கூடத் தேறாது. காங்கிரஸ் இதை எதிர்த்துப் போராடத் தொடங்கியது. அந்தப் போராட்டம் முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

1896-இல் குடும்பத்தை அழைத்து வர இந்தியா வந்த காந்தி, நேட்டால் இந்தியரின் குறைகளை விளக்கி ராஜ்கோட்டில் ஒரு சிறு நூல் அச்சிட்டார். பச்சை அட்டை போட்டிருந்ததால் அது பச்சை நூல் என்று பெயர் பெற்றது. அக்டோபர் 26-ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். சென்னையில் இருந்த ஆர்வம் வேறெங்கும் இல்லை. காரணம், பாலசுந்தரத்தின் கதை அவருக்கு முன்பே சென்னையை எட்டியிருந்தது. பச்சை நூலின் மறுபதிப்பு பத்தாயிரம் படிகள் இங்கேதான் அச்சாயின.

அடியும் மன்னிப்பும்

இச்செய்திகள் திரித்துக் கூறப்பட்டு நேட்டால் வெள்ளையரை எட்டின. 1897 ஜனவரி 13-ஆம் நாள் அவர் டர்பனில் இறங்கியபோது பெருங்கூட்டம் சூழ்ந்து கல்லும் முட்டையும் வீசியது, அடித்து உதைத்தது. காவல்துறைத் தலைவர் அலெக்சாண்டரின் மனைவியார் அவ்வழியே வந்து, தம் குடையை விரித்து இடையில் நின்றிராவிட்டால் உயிர் தப்பியிருப்பது அரிது. அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடுக்கும்படி இலண்டனிலிருந்தே உத்தரவு வந்தது. அடையாளம் காட்ட முடிந்தால் கைது செய்கிறோம் என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர் எஸ்கோம்ப். வழக்கே தொழிலாகக் கொண்ட காந்தி, தம் பொருட்டு வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதனால் தொழில் கெட்டதா? இல்லை. அவருடைய பெருமை வளர்ந்தது, வழக்குகளும் பெருகின. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நாம் உறுதி கூற முடியாது. ஆனால் நேர்மை ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தே தீரும் என்று சொல்பவர்களுக்கு இது தக்க மறுமொழி.

தொழிலிலும் அதே அளவுகோல்

தொண்டில் உத்தமராக இருந்து தொழிலில் தந்திரம் செய்பவர்கள் உண்டு. காந்தி அப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை. பணத்துக்குத்தான் இரு கணக்கு. மனச்சான்றுக்கு ஒரே கணக்கு. ஒரு வழக்கில் தம் கட்சிக்காரருக்கு ஆதாயமாகக் கணக்கில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. மூத்த வக்கீல் மறைக்கச் சொன்னார். காந்தி அதை நீதிமன்றத்தில் தாமே வெளியிட்டார்; அப்படியும் வழக்கு வென்றது. ஜோகன்னஸ்பர்க்கில் இன்னொரு வழக்கில், கட்சிக்காரர் தம்மை ஏமாற்றியிருக்கிறார் என்று நடுவழியில் தெரிந்ததும், வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி மாஜிஸ்திரேட்டைத் தாமே கேட்டுக்கொண்டார்.

ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியரின் குடியிருப்பு நிலங்களை நகராட்சி எடுத்துக்கொண்டபோது, இழப்பீடு கேட்டு ஏறத்தாழ எழுபது வழக்குகளை நடத்தினார். நீதிமன்றம் அளிக்கும் செலவுத் தொகையோடு நிலம் ஒன்றுக்குப் பத்து பவுன் மட்டுமே கட்டணம். அதிலும் பாதியை ஏழைகளுக்கான பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவதாகச் சொன்னார். ஒரு வழக்கே தோற்றது. வந்த பணத்தில் 1,600 பவுன் அளவு, 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்குச் சென்றது. அந்தப் பத்திரிகைக்கு ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் தம் கையிலிருந்து அனுப்பினார்.

வீட்டார் கொடுத்த விலை

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் செய்யும் தியாகத்தின் விலையைப் பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்களும் சேர்ந்தே கொடுக்கின்றனர். 1901-இல் அவர் ஊர் திரும்பப் புறப்பட்டபோது மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமும் பரிசளித்தனர். கஸ்தூரிபாய்க்கு ஐம்பது கினி மதிப்புள்ள பொன்மாலை. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. கூலி வாங்காமல் செய்த தொண்டுக்கு இது கூலியாகாதா என்ற கேள்வி. விடியுமுன் அனைத்தையும் சமூகத்துக்கே தருமச் சொத்தாக எழுதி வைக்க முடிவு செய்தார். பிள்ளைகள் இணங்கினர். அந்த அம்மையார் அழுதார். நாளை வரும் மருமக்களுக்கு என்ன கொடுப்பேன் என்று கேட்டார். கணவருக்காக இரவும் பகலும் பாடுபட்ட தம் உழைப்பும் அந்த மாலையில் இருக்கிறதே என்று வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று எவர் சொல்வார்? கடைசியில் காந்தியின் சொல்லே நின்றது. நம் குடும்பங்களில் பொதுப்பணி செய்வோர், வீட்டாரையும் கேட்டு உடனழைத்துச் செல்வது நலம் என்பது நம் எண்ணம்.

அவர் காணத் தவறியதும் உண்டு. இந்தியரின் உரிமைக்கு வாதாடிய அந்த ஆண்டுகளில், அம்மண்ணின் மக்களாகிய ஆப்பிரிக்கரைத் தாழ்வாகக் கருதி அவர் எழுதிய வரிகள் இருக்கின்றன. பின்னாளில் அவர் பார்வை விரிந்தது. பெரியவர்களும் படிப்படியாகவே வளர்கின்றனர்.

சட்டத்தின் மறுபக்கத்தில்

1908 ஜனவரி 10-ஆம் நாள், தாம் வக்கீலாக நின்ற அதே ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் காந்தி குற்றவாளிக் கூண்டில் நின்றார். இந்தியர் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற சட்டத்தை மீறியதற்காக இரண்டு மாதச் சிறை. அதன் பின் சில ஆண்டுகளில் வக்கீல் தொழிலை அறவே விட்டுவிட்டார். இரு கணக்குகளையும் பல ஆண்டுக்காலம் கலவாமல் நடத்தியவர், ஒன்றை முடித்துக்கொண்டார்.

1913-இல் மூன்று பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி அவர் பின்னே நடந்தனர். அவர்களில் பலர் பாலசுந்தரத்தின் இனத்தவரே. சிறை சென்று நோயுற்ற பதினாறு வயது வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்தாள். அந்த ஆண்டே வரி நீக்கப்பட்டது. வக்கீலின் மனுக்களால் மட்டும் ஆகாத காரியம், ஏழைகளின் துன்பத்தால் ஆயிற்று.

1922 நவம்பரில், இந்தியாவில் சிறைத்தண்டனை பெற்றதற்காக இலண்டன் இன்னர் டெம்பிள் சங்கம் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1988-இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதே சங்கம் அப்பெயரை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

அன்பர்களே! முதலில் நிலைபெற்றுப் பின்னர் சேவை என்று காந்தி காத்திருக்கவில்லை. காத்திருந்தால் பாலசுந்தரம் வந்தபோது கதவு மூடியிருக்கும். பிழைப்பை உதறிவிட்டும் அவர் சேவையில் குதிக்கவில்லை. நேர்மையாக உழைத்துத் தம் சோற்றைத் தாமே தேடிக்கொண்டதால்தான், தொண்டில் எவருக்கும் அஞ்சாமல் பேச முடிந்தது. நம் இளைஞர் சட்டம் பயிலட்டும், மருத்துவம் பயிலட்டும், கணக்கு எழுதட்டும், கொத்து வேலை செய்யட்டும். தொழிலுக்கு உரிய கூலியைத் தலைநிமிர்ந்து வாங்கட்டும். ஆனால் அலுவலக வாசலில், துண்டைக் கையில் பிடித்து ஒருவர் வந்து நிற்கும் நாள் அவர்களுக்கும் வரும். அன்று அத்துண்டை அவர் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லும் மனம் அவர்களுக்கு வாய்க்கட்டும் என்று வேண்டி, நம் கட்டுரையை முடிக்கிறோம்.